சுடாத நீரும் கொல்லும்: குளிர் ஏரி மீன்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி மாதத்து விடியலில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால், அது 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். அந்த நேரத்து வாடைக்கு வாளித் தண்ணீர் இதமாகக்கூட இருக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த நீரிலே குளித்து வளர்ந்த உயர்தர மாணவர்களிடம் வெப்ப மாசடைதலைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டால், “மின்னிலையங்களிலிருந்து வெளியேறும் சுடுநீரில் மீன்கள் வெந்து இறக்கின்றன” என்ற வசனம் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. பல ஆண்டுகளாக அந்த வசனத்தைத் திருத்தி வருகிறேன். அதைப் பிழையென்று வெட்டிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணத்தைத் திருத்தாவிட்டால் அடுத்து வரும் விளக்கம் எல்லாமே கோணிப்போகும்.

நம் உறவினர் பலர் வாழும் ஸ்காபரோவுக்கு அருகே, ஒன்ராறியோ ஏரிக்கரையில், பிக்கரிங் அணுமின் நிலையம் 1971 இல் இயங்கத் தொடங்கியது. நீராவியால் சுழலும் இத்தகைய நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பத்தை ஏரி நீரே சுமந்து வெளியேறுகிறது. குளிர்விக்க எடுத்த நீர் வழக்கமாகப் பத்துப் பாகை அளவுக்குச் சூடேறித் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாரிகாலத்தில் 2 பாகையில் இருக்கும் ஏரிக்குள் அது 12 பாகையில் வந்து சேரும். நம் கிணற்று நீரைவிட அது பதினைந்து பாகை குளிரானது. அதில் கையை வைத்தால் விரல் விறைக்கும். ஆகவே “சுடுநீர்” என்ற சொல்லையே இந்தத் தலைப்பில் தவிர்ப்பது நல்லது. “வெப்பம் கூடிய நீர்” என்று எழுதினால் வாசிப்பவர் மனத்தில் கொதிக்கும் பானை தோன்றாது.

இந்தத் தவறுக்கு அடியில் இன்னொரு தவறு இருக்கிறது. குளிர் ஏரியின் மீனை நாம் நம்முடைய குளத்து மீனை வைத்தே அளக்கிறோம். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, 30 பாகை நீரில் மேய்ந்து இனம் பெருக்கும். நீர் 10 பாகைக்குக் குளிர்ந்துவிட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். வட அமெரிக்காவின் ஏரி ட்ரவுட் விரும்பித் தேடுவதோ அதே 10 பாகையைத்தான். 23, 24 பாகை நீடித்தால் அதன் உயிர் தாங்காது. ஒன்று சாகும் வெப்பநிலையில் மற்றொன்று செழிக்கிறது என்றால், “மீன்களுக்கு இத்தனை பாகை ஆபத்தானது” என்று பொதுவாக எழுத இடமேயில்லை. எந்த மீன் என்பதைச் சொல்லியாக வேண்டும். உள்ளூர் உதாரணம் வேண்டுமானால், பிரித்தானியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட வானவில் ட்ரவுட் நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளில் இன்றும் வாழ்கிறது. அதைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் விட்டால் வாழாது.

ஒட்சிசனைப் பற்றி எழுதும்போது நிகழும் தவறு சற்று நுட்பமானது. நீர் சூடானால் கரைந்த ஒட்சிசன் குறையும் என்பது உண்மைதான். கடல் மட்டத்தில், காற்றோடு நிறைவாகக் கலந்த நன்னீரின் ஒரு லீற்றரில் 0 பாகையில் 14.6 மில்லிகிராமும், 10 பாகையில் 11.3 மில்லிகிராமும், 20 பாகையில் 9.1 மில்லிகிராமும், 30 பாகையில் 7.6 மில்லிகிராமும் ஒட்சிசன் இருக்கும். இந்த எண்களை எழுதிவிட்டு “ஆகவே மீன்கள் மூச்சுத்திணறி இறக்கின்றன” என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். 9 மில்லிகிராம் என்பது தன்னளவில் குறைந்த அளவு அன்று. 20 பாகை நீரில் எத்தனையோ மீன்கள் சுகமாக வாழ்கின்றன. விடுபடுவது மீனின் தேவை. பெரும்பாலான மீன்களுக்கு உடல் வெப்பத்தைத் தாமே பேணும் ஆற்றல் கிடையாது என்பதால், நீர் பத்துப் பாகை கூடும்போது அவற்றின் அனுசேப வேகம், அதாவது உடல் உணவை எரித்துச் சக்தியாக்கும் வேகம், ஏறத்தாழ இரு மடங்காகிறது. 10 பாகையிலிருந்து 20 பாகைக்குப் போகையில் கிடைக்கும் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, வேண்டிய ஒட்சிசனோ இரட்டிக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் காரணம் விளங்கும்.

சந்தையில் மீன் வாங்கும்போது, நாம் பூ என்று சொல்லும் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அந்தச் சிவப்பு, மெல்லிய இழைகளுக்குள் ஓடும் இரத்தத்தின் நிறம். நீரிலிருந்து ஒட்சிசன் உள்ளே செல்லும் வாசல் அதுதான். வெப்பம் கூடிய நீரில் மீன் அந்த வாசலூடாக அதிக நீரை ஓட்டவேண்டும்; ஓட்டுவதற்கும் சக்தி செலவாகும். நம் குளத்து விரால் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளித்துவிடும். ட்ரவுட்டுக்கு அந்த வசதி இல்லை.

இதே இடத்தில், நன்றாகப் படித்தவர்களும் இடறுவதைக் கண்டிருக்கிறேன். வெளியேறும் நீரில் ஒட்சிசன் எப்போதும் போதாது என்று எழுதிவிடுகிறார்கள். மாரியில் நடப்பது இதற்கு நேர்மாறு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி முற்றத்து வெயிலில் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள்: குவளையின் உட்சுவரெங்கும் சிறு குமிழிகள் முத்து முத்தாக ஒட்டியிருக்கும். குளிரில் கரைந்திருந்த வாயு, சூடேறியதும் கரைந்திருக்க இடமின்றிப் பிரிகிறது. 2 பாகையில் லீற்றருக்கு 13.8 மில்லிகிராம் ஒட்சிசனோடு உள்ளே போன நீர், 12 பாகையில் 10.8 மில்லிகிராமையே நிலையாக வைத்திருக்க முடியும். மிகையான வாயு உடனே வெளியேறிவிடுவதில்லை. நீர் மிகைநிரம்பலோடு ஏரிக்குள் வருகிறது. அதிலே தங்கும் மீனின் இரத்தத்திலும் செட்டைகளிலும் கண்ணிலும், அந்தக் குவளையில் கண்டது போன்ற குமிழிகள் தோன்றலாம். வாயுக்குமிழி நோய் என்பது இதுதான். நைதரசனே இதில் பெரும்பங்கு வகிக்கிறது.

“வெப்பநீர் மேலே மிதக்கும், ஆகவே அடியில் உள்ளவற்றுக்குப் பாதிப்பில்லை” என்பதும் கோடையில் மட்டுமே பொருந்தும் கூற்று. நன்னீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 பாகையில். ஏரி முழுவதும் 1 பாகையில் இருக்கும் மாரியில், வெளியேறிய நீர் ஏரி நீரோடு கலந்து குளிர்ந்து 4 பாகையை நெருங்கியதும் சுற்றியுள்ள நீரைவிடப் பாரமாகி அடியில் படிகிறது. அடியில் கற்களுக்கிடையே கிடப்பவை முட்டைகள். ஏரி ட்ரவுட்டும் வெண்மீன்களும் இலையுதிர் காலத்திலும் மாரித் தொடக்கத்திலும் கரையோரக் கற்படுக்கைகளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அம்முட்டைகள் மாரி முழுவதும் மெல்ல மெல்ல விருத்தியடைந்து இளவேனிலில் பொரிக்கும். இரண்டு மூன்று பாகை கூடினாலே நாட்கணக்கு சுருங்கிவிடும். பனி உருகி, ஒளி கூடி, இரையாகும் நுண்ணிய நீருயிரிகள் பெருகுவதற்கு முன்பே குஞ்சு வெளிவந்தால், கருவூண் தீர்ந்த பின் அது தின்ன ஒன்றும் இராது. இங்கே எந்த மீனும் வெப்பத்தால் இறக்கவில்லை. காலம் தவறிப் பிறந்ததால் இறக்கிறது. மழை பார்த்து விதைக்கும் நம் வன்னி விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒன்ராறியோ ஏரியின் வெண்மீன் இனமொன்றின் முட்டைகள் அணுமின் நிலைய ஆய்வுகளில் தனிக் கவனம் பெற்றதற்கும் இதுவே காரணம்.

குளிர் என்றால் அந்த மீன்கள் சகித்துக்கொள்ளும் துன்பம் என்று எழுதுவதும் தவறு. மஞ்சள் பேர்ச் என்னும் மீனின் பெண்ணுக்கு, முட்டைகள் செவ்வனே முதிர நீண்ட குளிர்காலம் தேவைப்படுகிறது. ஈரி ஏரியின் பேர்ச் மீன்களில், மாரி குறுகி வெப்பமான ஆண்டுகளுக்குப் பின் முட்டைகள் சிறுத்து, குஞ்சுகள் நலிந்து பிறப்பதை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள்.

ஏரியை ஒரே தொட்டியாக எண்ணிச் சராசரி வெப்பநிலையைக் கணக்கிடுவதும் அடிக்கடி காணும் பிழை. கோடையில் ஆழமான ஏரி படைகளாகப் பிரிந்து, மேலே வெப்பமும் அடியில் குளிருமாக நிற்கும். 1960களின் இறுதியில் நியூயோர்க் மாநிலத்தின் கேயுகா ஏரிக்கரையில் ஓர் அணுமின் நிலையம் திட்டமிடப்பட்டபோது, கோர்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எழுப்பிய கேள்வி மீன் வேகுமா என்பதன்று. ஆழத்துக் குளிர்நீரை எடுத்துச் சூடாக்கி மேற்பரப்பில் விட்டால் படைபிரிந்து நிற்கும் காலம் நீளும். அடிநீர் காற்றைக் காணாத நாட்கள் கூடும். ட்ரவுட் ஒதுங்கும் அந்தக் குளிர் அறையில் ஒட்சிசன் தீரும் என்றார்கள். நிலையம் கட்டப்படவில்லை.

கடைசியாக, “மாரியில் வெளியேற்று வாய்க்காலில் மீன்கள் திரளாகக் கூடுகின்றன, ஆகவே வெப்பநீர் நன்மையே” என்ற வாதம். தூண்டிலோடு அங்கே நிற்போர் எடுத்த படங்களைக் காட்டி என்னிடமே சிலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டது பொய்யன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் ஃப்ரை 1947 இலேயே, வெப்பநிலை உயிரைப் பறிக்கும் காரணி மட்டுமன்று, அனுசேபத்தின் வேகத்தை ஆள்வதும் மீனின் போக்கைத் திசைப்படுத்துவதும் அதுவே என்று வகுத்துக் காட்டினார். மீன்கள் அந்தத் திசைப்படுத்தலுக்கு இணங்கி வருகின்றன. வாரக்கணக்கில் தங்கி, உடலையும் 12 பாகைக்குப் பழக்கிக்கொள்கின்றன. பிறகு ஒரு தை மாத இரவில் நிலையம் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்படுகிறது. சில மணி நேரத்தில் வாய்க்கால் மீண்டும் 2 பாகைக்கு இறங்குகிறது. அதே ஏரியில், அதே 2 பாகையில், வெளியே தங்கிய மீன்கள் நீந்திக்கொண்டிருக்க, வாய்க்காலுக்குள் வந்தவை நிலைகுலைந்து பக்கவாட்டில் சரிந்து மிதக்கின்றன.