சர்வர் தயார் என்று சொல்லும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையில் இருந்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேனோன்பாறை வழியாகப் போனால் எனக்கு அது பக்கம்தான். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள், ஆரக்கிள் 19சி டேட்டாபேஸ் போடுவதற்காக ஒரு லினக்ஸ் சர்வரை இரண்டு நாளாகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் வேலந்தாவளத்துக்காரன், என்னை அக்கா என்பான். இன்னொருவன் ஒலவக்கோடு, சேச்சி என்பான்.

"எல்லாம் ஆச்சுங்க்கா. லிஸ்ட்ல எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சு. இன்ஸ்டாலரை ஓட்டிடலாங்களா?"

"ஒரு தடவை ரீபூட் பண்ணு தம்பி."

"எதுக்குங்க்கா? எல்லாம் நல்லாத்தானே ஓடுது?"

ரீபூட் செய்தான். ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகத் திரையில் வரி வந்தது. நொடிகள் ஒவ்வொன்றாக ஏறி, ஒன்றரை நிமிடம் முடிந்ததும் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடியைக் காப்பி செய்து ஒட்டும்போது கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. கையால் மவுண்ட் செய்து (டிஸ்க்கை ஒரு டைரக்டரியோடு இணைத்து) வைத்திருந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

இருவர் முகத்தையும் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதுவும் சர்வர் ஓட ஆரம்பித்து நாலு மாதம் கழித்து. அதனால்தான் இதை எழுதுகிறேன். ரேம் போதவில்லை, ஏதோ ஒரு பேக்கேஜ் விட்டுப்போனது என்பதையெல்லாம் இன்ஸ்டாலரே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## ரீபூட் செய்து பார்க்காமல் இன்ஸ்டால் செய்வது

லினக்ஸில் ஒரு அமைப்பை மாற்றினால் அது இரண்டு இடத்தில் பதிய வேண்டும். ஒன்று, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியில். இன்னொன்று, அடுத்த முறை பூட் ஆகும்போது படிக்கப்படும் ஃபைலில். நாம் அவசரத்தில் அடிக்கும் கட்டளைகளில் பெரும்பாலானவை முதல் இடத்தோடு நின்றுவிடும். கையால் செய்த மவுண்ட், ஸ்வாப்ஆன் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடமான ஸ்வாப்பை இயக்குவது), சிஸ்சிடிஎல் கட்டளையில் நேரடியாகக் கொடுத்த கர்னல் எண், பெர்மனென்ட் என்று சொல்லாமல் ஃபயர்வாலில் திறந்த போர்ட், டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸ் என்ற மெமரி வசதியை நிறுத்த எழுதிய 'நெவர்' எல்லாமே அப்படித்தான். சர்வர் ஒரு தடவை அணைந்து எழுந்தால் ஒன்றும் இருக்காது. கர்னல் எண்களை மட்டும் ஆரக்கிள் இன்ஸ்டாலர் இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுச் சொல்லும். மவுண்டையும் ஃபயர்வாலையும் பற்றி அதற்குக் கவலை இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். ரெட் ஹேட் 6 ஓடிக்கொண்டிருந்த காலம். இதே பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆலை, அங்கே பில், சரக்கு எல்லாம் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர், அதற்கு அடியில் ஆரக்கிள். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து ஞாயிறு ராத்திரிக்குள் சர்வரைத் தயார் செய்தேன். மூன்று டிஸ்க். ஒன்றில் ஓஎஸ், ஒன்றில் டேட்டா ஃபைல்கள், ஒன்றில் ஆர்க்கைவ் லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஃபைல்கள்). டேட்டா டிஸ்க்கை ஒழுங்காக எஃப்எஸ்டேபில் எழுதினேன். ஆர்க்கைவுக்கான டிஸ்க் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. ஃபார்மேட் செய்து, கையால் மவுண்ட் செய்து, டிஎஃப் அடித்து இடம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். எஃப்எஸ்டேபில் அந்த ஒரு வரியை எழுதவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாங்கும் ஆரக்கிள் லிசனருக்காக ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் 1521 போர்ட்டைத் திறந்தேன், அதையும் சேவ் செய்யவில்லை.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, வந்தது. ஐப்பசியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இடி இறங்கினால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கரண்ட் போனது, ஜெனரேட்டர் பிடிக்கவில்லை, யுபிஎஸ்ஸும் தீர்ந்தது, சர்வர் அணைந்தது. ராத்திரி கரண்ட் வந்ததும் தானாக எழுந்து டேட்டாபேஸும் ஓட ஆரம்பித்துவிட்டது.

காலையில் போன். யாராலும் ஈஆர்பிக்குள் போக முடியவில்லை. பார்த்தால் ஃபயர்வால். பத்து நிமிடத்தில் போர்ட்டைத் திறந்து, இந்தத் தடவை சேவும் செய்தேன். ஒரு மாற்றம் ரீபூட்டில் போயிருக்கிறது என்றால் வேறென்ன போயிருக்கிறது என்று அந்த நிமிடமே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆர்க்கைவ் டிஸ்க் மவுண்ட் ஆகவே இல்லை. ஆனால் மவுண்ட் ஆக வேண்டிய டைரக்டரி, ஓஎஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் காலியாக இருந்தது. மவுண்ட் செய்வதற்கு முன்பே அதன் உரிமையை ஆரக்கிள் யூசருக்கு மாற்றியிருந்தேன். அதனால் ஆரக்கிள் எந்தப் பிழையும் காட்டாமல் அதற்குள்ளேயே எழுதிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் மதியம் ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம். ஆர்க்கைவ் எழுத இடம் இல்லையென்றால் மாற்றங்கள் முதலில் பதியும் ரீடூ லாக்கைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, டேட்டாபேஸ் எல்லா மாற்றங்களையும் அப்படியே நிறுத்திவிடும். லாகின் செய்தால் ஓஆர்ஏ 00257 என்று வந்தது. சரக்கு ஏற்றிய லாரிகள் பில் இல்லாமல் கேட்டில் நின்றன. டிரைவர்கள் செக்யூரிட்டியிடம் தமிழிலும் மலையாளத்திலும் போட்ட சத்தம் சர்வர் அறை வரை கேட்டது.

அதற்கு மேல் நான் செய்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. பதற்றத்தில் ஆர்க்கைவ் டிஸ்க்கை அதே டைரக்டரியில் மவுண்ட் செய்தேன். இடம் கிடைத்தது, டேட்டாபேஸ் நகர்ந்தது, லாரிகள் போயின. ஆனால் அந்த மூன்று நாள் ஆர்க்கைவ் லாக்குகளைக் காணவில்லை. ராத்திரி ஓடிய ஆரக்கிளின் ஆர்மேன் பேக்கப் 06059 என்ற பிழையோடு நின்றது. இருக்க வேண்டிய ஆர்க்கைவ் லாக் இல்லை என்று அர்த்தம். டிஎஃப் அடித்தால் ரூட் நிரம்பியிருக்கிறது என்கிறது. டியு வைத்து டைரக்டரி டைரக்டரியாகக் கூட்டினால் அதில் பாதிகூட வரவில்லை. அந்த இரண்டு எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ராத்திரி இரண்டு மணி வரை தேடினேன்.

கோயம்புத்தூரில் இருந்த ஒரு சீனியர்தான் ஃபோனில் சொன்னார்: "ரூட்டை வேற ஒரு டைரக்டரில பைண்ட் மவுண்ட் பண்ணிப் பாரும்மா. மேல டிஸ்க் வந்து மூடியிருக்கும், ஃபைல் அடியிலதான் கிடக்கும்." அப்படியே கிடந்தது. ஒரு டைரக்டரி மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்தால் அதற்குள் ஏற்கெனவே இருந்த ஃபைல்கள் அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன, இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டிஎஃப்பும் டியுவும் பெரிய அளவில் ஒத்துப்போகாவிட்டால் நான் சந்தேகப்படும் விஷயங்களில் இது ஒன்று. இன்னொன்று, அழித்தும் ஏதோ ஒரு பிராசஸ் திறந்தே வைத்திருக்கும் ஃபைல்.

இப்போது நான் செய்யும் முறை இது. மவுண்ட் டைரக்டரியை உருவாக்கியதும், டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கு முன்பே, அந்தக் காலி டைரக்டரிக்கு சேட்டர் கட்டளையால் இம்யூட்டபிள் (மாற்ற முடியாத) கொடியை வைத்துவிடுகிறேன். மவுண்டுக்கு அது தடை இல்லை. டிஸ்க் வராத நாளில் ரூட் யூசர்கூட அதற்குள் ஒரு ஃபைலை உருவாக்க முடியாது. சாஃப்ட்வேர் உடனே பிழை காட்டி நின்றுவிடும், மூன்று நாள் கழித்து அல்ல. டைரக்டரியின் உரிமையை மாற்றுவது மவுண்ட் ஆன பிறகுதான். எஃப்எஸ்டேபில் யுயுஐடி மட்டும்தான் எழுதுவேன். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற டிஸ்க் பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். எழுதி முடித்ததும் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் வெரிஃபை, பிறகு டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, ஃபைலிலிருந்து மொத்தமாக மவுண்ட் செய்து பார்ப்பது. அந்தப் பையனின் விட்டுப்போன எழுத்து இங்கேயே மாட்டியிருக்கும்.

அதன் பிறகு ரீபூட். மவுண்ட் பட்டியல், ஸ்வாப், ஃபயர்வால் விதிகள், எஸ்இ லினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) நிலை, ஆரக்கிள் யூசரின் யூலிமிட் (எத்தனை ஃபைல், பிராசஸ் திறக்கலாம் என்பது போன்ற வரம்புகள்), நாம் மாற்றிய கர்னல் எண்கள் இவற்றின் வெளியீட்டை ரீபூட்டுக்கு முன் ஒரு ஃபைலில் எடுத்துக்கொள்ளுங்கள், பின் இன்னொரு ஃபைலில். இரண்டுக்கும் டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். டிஸ்க் பெயர் இடம் மாறியது தவிர வேறு எந்த வித்தியாசம் வந்தாலும் இன்ஸ்டாலரைத் தொடாதீர்கள். ரிமோட்டில் இருந்தால் கன்சோல் கையில் இருக்கிறதா, ரூட் பாஸ்வேர்டு தெரியுமா என்று முதலில் பாருங்கள். எமர்ஜென்சி மோடு அதைக் கேட்கும்.

இதை இன்ஸ்டாலுக்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த பிறகு ரீபூட்டுக்கு அனுமதி கேட்டால் எந்த ஆலையிலும் மேனேஜர் தலையசைக்க மாட்டார். அப்புறம் இடிதான் ரீபூட் செய்யும்.

## ஹோஸ்ட்நேமை 127.0.0.1 வரியில் எழுதுவது

ஹோஸ்ட்ஸ் ஃபைலின் முதல் வரியிலேயே லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பக்கத்தில் சர்வர் பெயரையும் சேர்த்துவிடுகிறார்கள். சர்வருக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். லிசனர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்க ஆரம்பித்துவிடும், பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு அரை நாள் போகும்.

சர்வரின் நிலையான ஐபி, முழுப் பெயர், குறும்பெயர் மூன்றையும் தனி வரியில் எழுதுங்கள். டிஎச்சிபி தானாகத் தரும், மாறக்கூடிய ஐபியில் விட்டுவைக்காதீர்கள். பெயரில் அடிக்கோடு வேண்டாம். வாடிக்கையாளரிடம் பெயரை எழுத்தில் வாங்கிக்கொண்டு இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு பெயரை மாற்றினால் லிசனர் ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

## லிமிட்ஸ் ஃபைலோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

ஓப்பன் ஃபைல்களுக்கு ஹார்ட் லிமிட் 65536 என்று லிமிட்ஸ் ஃபைலில் எழுதி, ஆரக்கிள் யூசராக லாகின் செய்து யூலிமிட் பார்த்தால் சரியாகத் தெரியும். ஆனால் அந்த ஃபைலைப் படிப்பது பேம் மாட்யூல், அது லாகினுக்குத்தான். சிஸ்டம்டி நேரடியாகக் கிளப்பும் சர்வீஸ் அந்த வழியில் வருவதில்லை. கையால் ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது, பூட்டில் தானாக எழுந்தால் பளு ஏறும்போது விழுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள். சர்வீஸின் யூனிட் ஃபைலில் லிமிட்நோஃபைல், லிமிட்என்ப்ராக், லிமிட்மெம்லாக் வரிகளைத் தனியாக எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் லிமிட்ஸை ப்ராக் டைரக்டரியில் திறந்து பாருங்கள். உண்மையான எண் அங்கே இருக்கும்.

## மிச்ச இடத்தையெல்லாம் ஹோமுக்குக் கொடுப்பது

ஓஎஸ் இன்ஸ்டாலரின் ஆட்டோமேட்டிக் பார்ட்டிஷன், பெரிய டிஸ்க்காக இருந்தால் இதைத்தான் செய்யும், மிச்ச இடத்தை யூசர்களின் சொந்த ஃபைல்களுக்கான ஹோமுக்கே கொடுத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. கையால் பிரியுங்கள்.

## எஸ்இ லினக்ஸை அணைப்பது

அணைக்காதீர்கள். தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிசிவ் நிலையில் வைத்து ஆடிட் லாக்கைப் படியுங்கள்.

## ஸ்வாப்

19சி-க்கு ரேம் 2 ஜிபியிலிருந்து 16 ஜிபி வரை என்றால் ரேமுக்குச் சமமாக, அதற்கு மேல் என்றால் 16 ஜிபி. 128 ஜிபி ரேம் உள்ள சர்வரில் ரேமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

## பழைய நோட்டிலிருந்து கர்னல் எண்களைக் காப்பி செய்வது

ஆரக்கிள் லினக்ஸில் 19சி-க்கான ப்ரீஇன்ஸ்டால் பேக்கேஜ் இருக்கிறது. யூசர், குரூப், கர்னல் எண்கள், லிமிட்ஸ் எல்லாவற்றையும் அதுவே எழுதிவிடும். அதைப் போட்டுவிட்டு, மேலே பழைய நோட்டின் எண்களையும் சிஸ்சிடிஎல் ஃபைலில் ஒட்டினால் ஒரே அமைப்பு இரண்டு ஃபைலில் இரண்டு மதிப்போடு நிற்கும், கடைசியாகப் படிக்கப்படும் ஃபைல் ஜெயிக்கும். ஒரே இடத்தில் எழுதுங்கள்.

நோட்டோடு சேர்ந்து பழைய ஓஎஸ்ஸும் வருகிறது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. புது சர்வரில் அதைப் போட்டுத் தரச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். மறுத்துவிடுங்கள்.

## நேரம்

டைம்சோன் ஏசியா கொல்கத்தா. நேரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனி ஓட வேண்டும், ஓடுவதோடு ஏதாவது ஒரு நேர சர்வரைப் பிடித்திருக்கவும் வேண்டும். ஆலைகளில் அதற்கான யுடிபி 123 போர்ட் பெரும்பாலும் மூடியிருக்கும், நெட்வொர்க் பார்ப்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.