கட்டணப் பாடம் வாங்கும் முன்

மதுரை வட்டாரத்தில் திருவிழாப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கும் இளைஞர்கள் பலர், இசை மென்பொருளைத் திறந்த முதல் வாரத்திலேயே கட்டணப் பாடங்களை வாங்கிவிடுகின்றனர். ரீப்பர், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ ஆகிய மூன்றின் முழுக் கையேடுகளும் அவற்றின் இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடைப்பதால், முதலில் அவற்றைப் புரட்டிப் பாருங்கள்.

குறிப்பிட்ட சிக்கல் ஒன்று எழும்போது, சக பயனர்களின் இலவச உதவியே விரைவில் பலன் தரும். ஆனால் கேள்வியை முழுமையாகக் கேட்க வேண்டும். "பாடும் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு ஊகம்தான் வரும். கணினியின் இயங்குதளம், மென்பொருளின் பதிப்பு, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் பெயர், பஃபர் அளவு (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின், அதாவது சாம்பிள்களின், எண்ணிக்கை) ஆகியவற்றையும் குறிப்பிட்டால், 1024 சாம்பிள் என்பதைக் கண்டதுமே அனுபவமுள்ளவர் காரணத்தைச் சொல்லிவிடுவார். நொடிக்கு 44,100 சாம்பிள் (44,100 ஹெர்ட்ஸ்) என்ற வேகத்தில் அந்த அளவு மட்டுமே ஏறத்தாழ 23 மில்லிநொடித் தாமதத்தைத் தரும். 128 ஆகக் குறைத்தால் அது சுமார் 3 மில்லிநொடியாகும். பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கின்போது மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

மிக்ஸிங்கை முதலிலிருந்து வரிசையாகக் கற்க விரும்புவோருக்குக் கட்டண வழிகாட்டி பயன்படும் என்பதை மறுக்கவில்லை. எனினும், பெரும்பாலான பாடங்கள் மேற்கத்திய டிரம்ஸை வைத்தே அமைந்திருப்பதால், தவிலும் நாதஸ்வரமும் பதிவு செய்பவர்கள் மாதிரிப் பாடத்தைப் பார்த்த பின்பே பணம் செலுத்துங்கள். அந்தப் பாடம் உங்கள் மென்பொருளின் பதிப்புக்கு உரியதா என்பதையும் சரிபாருங்கள். ரீப்பரை 60 நாள்கள் இலவசமாகச் சோதிக்கலாம் என்பதால் அவசரம் எதுவுமில்லை.