மரச்சீனித் தேமலுக்கு மரபணுக் கணிப்பு: தொடங்குவோர்க்கு ஒரு செய்முறை

வடக்கே மரவள்ளி என்றும் நெல்லைச் சீமையில் மரச்சீனி என்றும் வழங்கும் கிழங்குக்குப் பெரும்பகை தேமல் நோய். இலை மஞ்சள் திட்டுகளோடு சுருங்கி, செடி குன்றி, கிழங்கு சிறுத்துப்போகும். இந்தியாவில் இதை உண்டாக்குபவை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் ஆகிய இரண்டு. வெள்ளை ஈ இவற்றைப் பரப்புகிறது என்பது உண்மையே. ஆயினும் நோயுற்ற செடியின் கம்பை அறியாமல் வெட்டி நடும் நாமும் அதற்குக் குறையாமல் பரப்புகிறோம். ஆகவே எதிர்ப்புத்திறன் உள்ள இரகமே நிலையான வழி.

அத்தகைய இரகத்தைப் பழைய முறையில் உருவாக்கப் பத்தாண்டு அளவில் ஆகும். ஒரு நாற்றிலிருந்து முதலாண்டில் பத்துக் கரணை (நடுவதற்கான கம்புத்துண்டு) அளவே கிடைப்பதால், முறையான திடல் சோதனைக்குப் போதிய கம்பு சேரவே சில பருவங்கள் கழிந்துவிடுகின்றன. மரபணுக் கணிப்பு, அதாவது திடலில் மதிப்பிட்ட செடிகளின் மரபுக்குறிகளிலிருந்து ஒரு சமன்பாட்டைக் கட்டி, புதிய நாற்றின் குறிகளைக் கொண்டே அதன் திறனை முன்கூட்டிச் சொல்வது, இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. மியூவிசன், ஹேய்ஸ், காடர்ட் ஆகியோர் 2001இல் முன்வைத்த இம்முறை முதலில் கறவைமாட்டு இனப்பெருக்கத்தில் வேரூன்றியது. மரவள்ளியில் கார்னெல் பல்கலைக்கழகம் நைஜீரியா, உகாண்டா நாடுகளின் ஆய்வு நிலையங்களோடு 2012இல் தொடங்கிய நெக்ஸ்ட்ஜென் கசாவா திட்டம் இதைப் பெரிய அளவில் கையாண்டது.

முதற்படி: பயிற்சித் தொகுதி

சமன்பாட்டைக் கட்டப் பயன்படும் செடிகளே பயிற்சித் தொகுதி. அதற்குச் சில நூறு இரகங்களையும் கலப்பினங்களையும் தேர்ந்துகொள்ளுங்கள். பின்னர் நீங்கள் மகரந்தம் சேர்த்துக் கலக்கப்போகும் பெற்றோரும் அவற்றின் உறவினங்களும் அதில் இருந்தாக வேண்டும். ஆப்பிரிக்கத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக, அதில் பயிற்றிய சமன்பாட்டைத் திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்து இரகங்களின் மீது அப்படியே ஏற்றுவது பலிக்காது; அங்குள்ள செடிகளும் உறவல்ல, வைரசும் வேறு.

இரண்டாம் படி: திடலில் மதிப்பெண்

புதிதாக வருவோர் கணினிப் பகுதிக்குத் தாவ அவசரப்படுவார்கள். என் அனுபவத்தில் பிழை புகும் இடம் இதுதான். நோயறிகுறியே இல்லாத செடிக்கு 1, இலை முற்றும் சிதைந்து குன்றிய செடிக்கு 5 என்று நட்ட 1, 3, 6ஆம் மாதங்களில் மதிப்பெண் இடுங்கள். நோய் வாராமல் தப்பிய செடியை எதிர்ப்புத்திறன் உடையதாக எண்ணிவிடாதிருக்க, இடையிடையே எளிதில் நோய் தாக்கும் இரகத்தை நடுங்கள். வெள்ளை ஈ தானே வெகுதூரம் பறக்க மாட்டாது. காற்றே அதைச் சுமந்து வருவதால், காற்று வந்து மோதும் ஓரத்து வரிசைகளில் நோய் முதலிலும் மிகுதியாகவும் தோன்றும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்து ஆனி ஆடிக் காற்றை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே ஒவ்வோர் இரகமும் மேற்கு ஓரத்திலும் உட்புறத்திலும் விழும்படி, திடலைப் பகுதிகளாகப் பிரித்து, குறைந்தது இருமுறை இடம் மாற்றி நடுங்கள். ஒரு பருவம் நானும் உதவியாளர் ஒருவரும் பாதிப்பாதியாகப் பிரித்து மதிப்பிட்டோம். அவருடைய 3 என்னுடைய 2 என்பது அறுவடைக்குப் பின்னரே தெரிந்தது. ஒரே கண் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: மரபுக்குறிகள்

இளந்தளிரைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஆயிரக்கணக்கான ஸ்னிப் குறிகள் (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் செடிக்குச் செடி மாறும் இடங்கள்) அட்டவணையாக வரும். மரவள்ளியின் 36 குரோமோசோம்களும் 18 இணைகளாக இருப்பதால், ஒவ்வொரு குறியிலும் குறித்த எழுத்து 0, 1, 2 படிகளுள் (நகல்களுள்) ஏதேனும் ஒன்றாகவே அமையும். பல செடிகளில் விவரம் விடுபட்ட குறிகளையும் மிக அரிதாகத் தோன்றுபவற்றையும் நீக்குங்கள்.

நான்காம் படி: கணக்கு

கற்பனை எண்களால் ஒரு சிறு மாதிரியைப் பார்ப்போம். மூன்று குறிகளிலும் 0 படி உள்ள செடியின் நோய்மதிப்பு 3.0 என்க. முதற்குறி படிக்கு 0.8 குறைக்கிறது, இரண்டாவது 0.3 கூட்டுகிறது, மூன்றாவது 0.1 குறைக்கிறது. 1, 2, 0 என வரும் நாற்றின் கணிப்பு 2.8; 2, 0, 1 என வரும் நாற்றின் கணிப்பு 1.3. இரண்டாவதையே வைத்துக்கொள்வோம். உண்மையில் செடிகளைவிடக் குறிகள் மிகப் பலவாதலால், எல்லா விளைவுகளையும் பூச்சியத்தை நோக்கிச் சுருக்கி மதிப்பிடும் முறை வேண்டும். புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளின் ஆர்ஆர்பிளப் (rrBLUP) தொகுப்பு இதைச் செய்கிறது. அது 0, 1, 2 என்பதற்குப் பதிலாக -1, 0, 1 என்றே கேட்கும். ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கழித்துவிட்டு உள்ளிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 12ஆம் குரோமோசோமில் உள்ள சிஎம்டி2 என்னும் ஓரிடமே பல இரகங்களில் எதிர்ப்புத்திறனின் பெரும்பங்கைத் தருகிறது. அது ஒன்றுதான் உங்களுக்கு வேண்டுமெனில் ஒரே குறியைச் சோதித்தாலே போதும். மீதியெல்லாம் மலையைக் கெல்லி எலி பிடிக்கும் வேலை. ஆனால் ஒற்றை மரபணுவை மட்டும் நம்புவது துணிச்சலான பந்தயம் என்பதால், சிறுவிளைவு மரபணுக்களையும் மாச்சத்தையும் விளைச்சலையும் சேர்த்துக் கணிப்பதையே நான் விரும்புகிறேன். அப்போது சிஎம்டி2வின் குறியைச் சுருக்கத்துக்கு உட்படாத தனி நிலைக்காரணியாக வையுங்கள். இல்லாவிடில் அதன் பெருவிளைவு அக்கம்பக்கத்துக் குறிகளில் சிதறி மங்கிவிடும்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

செடிகளை ஐந்து கூறாக்கி, நான்கில் பயிற்றி ஐந்தாவதைக் கணித்து, உண்மை மதிப்போடு ஒப்பிட்டு ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்னும் அளவை) காணுங்கள். கூறு மாற்றி ஐந்து முறை செய்ய வேண்டும். உடன்பிறப்புகள் இருபுறமும் பிரிந்திருந்தால் கெழு பொய்யாக உயரும். குடும்பம் குடும்பமாகவே பிரியுங்கள்.

ஆறாம் படி: தேர்வும் சேர்க்கையும்

பெற்றோரை மகரந்தம் சேர்த்துக் கலந்து விதை எடுங்கள். பூங்கொத்தில் பெண்பூ முந்தி மலர்ந்து, ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே ஆண்பூ மலரும் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காயில் மூன்று விதையே இருக்கும். முளைத்த நாற்றுகளின் தளிரை ஆய்வகத்துக்கு அனுப்பி, நோய்மதிப்பு குறைவாகவும் விளைச்சல் மதிப்பு கூடுதலாகவும் கணிக்கப்பட்டவற்றைப் பொறுக்கி, திடல் முடிவுக்குக் காத்திராமல் பூக்கத் தொடங்கியதுமே அடுத்த சேர்க்கைக்குப் பெற்றோராக்குங்கள். அதே நாற்றுகளின் கரணைகளை அந்தப் பருவத்திலேயே திடலிலும் நட்டு, மதிப்பெண் இட்டு, பயிற்சித் தொகுதியில் சேர்த்துச் சமன்பாட்டை மறுபடி கட்டுங்கள். ஒவ்வொரு சேர்க்கையிலும் உறவு விலகிக்கொண்டே போவதால், பழைய சமன்பாடு இரண்டு மூன்று சுற்றுகளுக்கு மேல் தாங்காது.