அப்பாவின் பென்ஷன் கணக்கை மீட்ட கதை

பென்ஷன் வாங்குபவர்கள் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் சான்று கொடுக்கும் நவம்பர் நெருங்கினால், முன்னாள் ராணுவத்தினரின் வாட்ஸ்அப் குழுக்களில் 'உயிர்வாழ் சான்றிதழ் ஆப்' என்று ஏபிகே ஃபைல்கள் (பிளே ஸ்டோருக்கு வெளியே நேரடியாக ஆப்பை ஏற்றும் ஃபைல்கள்) சுற்றும். அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார். அவருடைய போனிலும் அப்படி ஒன்று ஏறிவிட்டது. இந்த மாதிரி ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொள்ளும். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்கும் வங்கிக்கும் வரும் ஓடிபி திருடனுக்கும் போய்விடும்.

முதலில் வைஃபை, டேட்டா இரண்டையும் நிறுத்தினேன். அன்இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யவில்லை. காரணம், போனையே கட்டுப்படுத்த விடும் டிவைஸ் அட்மின், அக்சஸிபிலிட்டி இரண்டு அனுமதிகளையும் அந்த ஆப் பிடித்து வைத்திருந்தது. போனை சேஃப் மோடில் (நாம் ஏற்றிய ஆப்கள் இயங்காத நிலையில்) திறந்து, அவற்றை ரத்து செய்த பிறகுதான் நீக்க முடிந்தது. நமக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் கால் ஃபார்வேர்டிங் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் என் லேப்டாப்பில் ஸ்பர்ஷ் பாஸ்வேர்டை மாற்றினேன். அதே போனில் மாற்றினால் பயனில்லை. பதிவான மொபைல் எண், வங்கிக் கணக்கு எண் மாறவில்லை என்று உறுதி செய்தேன். வங்கியில் சொல்லி நெட் பேங்கிங்கை முடக்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழைத்தோம். பணம் போயிருந்தால் இந்த எண்ணுக்குத்தான் உடனே சொல்ல வேண்டும். கடைசியாக போனை ஃபேக்டரி ரீசெட் செய்தேன்.

இப்போது உயிர்வாழ் சான்றுக்கான அரசின் ஜீவன் பிரமாண் ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்குகிறோம். போன் வழி சரிப்படாதவர்கள் பொதுச் சேவை மையத்துக்கு நேரில் போய்ச் சான்று கொடுக்கலாம்.