உடல்நல உளவியல் ஆய்வில் சேர இறுதியாண்டு வரை காத்திருக்காதீர்கள்

கோலாலம்பூரில் உளவியல் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, உடல்நல உளவியலில், அதாவது உடல்நோயும் மனமும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் துறையில், ஆய்வு அனுபவத்துக்கு எங்கே போவது என்றுதான். எங்கேயும் போக வேண்டாம். இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் கேளுங்கள்.

கேட்கும் முன் அவர் எழுதிய கட்டுரை ஒன்றை முழுசாகப் படியுங்கள். மின்னஞ்சல் ஆறு வரி போதும்: எந்தக் கட்டுரை, அதைப் படித்தபோது என்ன கேள்வி வந்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், அப்புறம் தமிழில் நேர்காணல் எடுக்கத் தெரியும் என்பது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்தது, இந்தியர்களிடையே இன்னும் அதிகம். செந்தூலில் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து, மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் பேசும் தமிழிலேயே கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி வர உங்களால் முடியும் என்றால் அது பெரிய தகுதி.

முதல் சில மாதம் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, எக்செலில் தரவு ஏற்றுவதுதான் வேலை. அலுப்பாக இருக்கும், செய்யுங்கள். ஜமோவி இலவசப் புள்ளியியல் மென்பொருள், கூடவே அதையும் பழகிக்கொள்ளலாம்.

கேள்வித்தாளில்தான் நிஜமான பாடம் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 இலவசம், தமிழிலும் கிடைக்கிறது, ஆனால் தமிழகத்துத் தமிழ் நம் தாத்தாக்களுக்கு அப்படியே பிடிபடும் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே சர்க்கரை நோய், இங்கே இனிப்புநீர். நாலைந்து பேரிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரியுது?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சொல் மாற்ற வேண்டியிருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம். இன்னொன்று: பிஎச்கியூ-9இல் அசதி, தூக்கம், பசி பற்றிய கேள்விகள் இருக்கின்றன, இனிப்புநீர் உள்ளவருக்கு அசதி நோயினாலேயே வரலாம், அப்போது மதிப்பெண் ஏறுவது மனதாலா உடம்பாலா? நோயாளிகளின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க 1983இல் வந்த ஹாட்ஸ் அளவுகோல் உடல் அறிகுறிகளை பெரும்பாலும் ஒதுக்கி வைத்ததே இதற்காகத்தான். இந்தக் கேள்வியை யோசிக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் உடல்நல உளவியலுக்குள் வந்துவிட்டீர்கள்.

அரசு கிளினிக்கில் நோயாளிகளைச் சந்திக்க, ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்எம்ஆர்ஆர் தளத்தில் பதிந்து சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வாங்க வேண்டும். ஒரு பருவத்துக்குள் முடியும் என்று நம்பி இறங்காதீர்கள். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வில் உங்கள் பெயரையும் முறைப்படி சேர்க்கச் சொல்வதே நல்லது.

பிஎச்கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. ஒருவர் "ஆமாம்" என்றால் யாரை உடனே கூப்பிடுவது, அவரோடு யார் இருப்பது என்பதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் வராதவரை முதல் நேர்காணலுக்குக் கிளம்பாதீர்கள்.