மூன்று நாட்டு வெளியீட்டை ஒரு தேதியிலிருந்து விடுவித்தோம்

நைஜீரியா, கென்யா, இந்தோனேசியா மூன்றிலும் புது பிஸ்கட்டை ஒரே நாளில் இறக்க வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். சரக்கு தயார், லேபிள்தான் இழுத்தடித்தது. லாகோஸில் விற்க, நைஜீரியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக்கின் பதிவெண் பாக்கெட்டின் மேலேயே இருக்க வேண்டும். ஜகார்த்தாவுக்கு இந்தோனேசியாவின் அதே மாதிரி அமைப்பான பிபிஓஎம் தரும் எண். இறக்குமதி உணவென்றால் 'எம்எல்' என்று தொடங்கும். விவரமெல்லாம் இந்தோனேசிய மொழியில். எண் வராமல் அச்சுக்குக் கொடுத்தால் உறை ரோல் முழுக்க வீண். கென்யாவுக்கோ கப்பலேறும் முன்பே ஆய்வு முடிந்து தரச்சான்று கைக்கு வந்தாக வேண்டும்.

அதனால் வெளியீட்டுத் தேதியையே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நாட்டுக்கு ஒரு கட்டம்: 'அனுமதி வந்த நாள்'. உற்பத்தி, அச்சு, கன்டெய்னர் புக்கிங், விளம்பரம் எல்லாம் அதிலிருந்துதான் எண்ணப்படும். பிஸ்கட் கிடங்கில் கிடந்தால் காலாவதித் தேதி நமக்காகக் காத்திருக்காதே! ஜகார்த்தாவுக்கு மட்டும் ரமலானிலிருந்து பின்னோக்கிக் கணக்கு. அது ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். பழைய திட்டம் உதவாது.

நைரோபி முதலில் போனது. அங்கே அட்டைப்பெட்டிகள் ஓரம் நசுங்கி இறங்கின. லாகோஸ் சரக்கு கிளம்புவதற்குள் தடித்த பெட்டிக்கு மாறிவிட்டோம்.