மடக்கையை மீட்டிவிட்டு நிரல் எழுதுங்கள்

திருகோணமலையில் உயர்தரம் முடித்துக் கணினி விஞ்ஞானம் படிக்கச் செல்பவர், நிரலாக்க மொழியொன்றைத் தொடுமுன் மடக்கையை (logarithm: ஓர் எண்ணைப் பெற அடியெண்ணை எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்பது) மீட்டிப் பார்ப்பது நல்லது.

1000 மீன்பிடிப் படகுகளின் பதிவெண்களில் ஒரே எண் இருமுறை வந்துள்ளதா என்று கண்டறிய வேண்டுமெனக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றுடனும் ஒப்பிட்டால் 499,500 ஒப்பீடுகள் தேவைப்படும். ஆனால் பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்திய பகுதிகளை ஒன்றிணைத்துக்கொண்டே சென்று, இறுதியில் அடுத்தடுத்துள்ள எண்களை மட்டும் ஒப்பிட்டால், எல்லாம் 10,000 ஒப்பீடுகளுக்குள் முடிந்துவிடும். 1000ஐப் பத்துமுறை பாதியாக்கினால் ஏறத்தாழ ஒன்றுக்கு வந்துவிடுகிறோம்; ஏறத்தாழ அந்தப் பத்துத்தான் 1000க்கு அடி இரண்டிலான மடக்கை தரும் விடை.

இதை முதலில் எட்டு எண்களை வைத்துத் தாளில் செய்து, ஒப்பீடுகளை எண்ணிய பின்னரே நிரலாக எழுதுங்கள். விசைப்பலகை காத்திருக்கும். அடுத்து நிகழ்தகவையும் தருக்கத்தையும் எடுக்கலாம். நுண்கணிதத்துக்கு அவசரமில்லை என்பது என் கருத்து.